இளமையில் விழும் புரை: வேர்னர் நோயைக் கண்ணிலிருந்து இனங்காணல்



கண்புரை என்றால் காத்தான்குடியில் யாரும் இப்போது பயப்படுவதில்லை. அது மூத்தம்மாவுக்கு வரும், அப்பாவுக்கு வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பெயரைப் பதிந்து, முறை வரும்போது சத்திரசிகிச்சை செய்து, உள்ளே ஒரு செயற்கை வில்லையை வைத்துக்கொண்டு, சில வாரங்களில் குர்ஆனைக் கையில் எடுத்து ஓதத் தொடங்கிவிடுகிறார்கள். வைத்தியம் மனிதனுக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் இதுவும் ஒன்று. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தப் புரை தவறான வயதில் விழும்போது நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதைப் பற்றி.

ஒருவர் கண் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்திரண்டு. பிரதான வீதியில் புடவைக் கடையில் நிற்பவர். “வெயிலுக்குள்ள இறங்கினா ஒண்டும் தெரியுதில்ல டொக்டர், பின்னேரமாக் கொஞ்சம் பரவாயில்ல” என்கிறார். பில் எழுதக் கஷ்டம். சோதித்தால் இரண்டு கண்ணிலும் வில்லையின் பின்புறத்தை ஒட்டி மங்கல் படர்ந்திருக்கிறது. நாம் என்ன செய்வோம்? சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுப்போம். அவசரமான கிளினிக்கில் வரிசை வாசல்வரை நிற்கும், அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

அவரை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்திருந்தால் வேறு சிலதும் தெரிந்திருக்கும். தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருக்கிறது, கொட்டியும் இருக்கிறது. உயரம் குறைவு. பள்ளியில் கூடப் படித்தவர்கள் பதின்மூன்று பதினான்கு வயதில் மளமளவென்று வளர்ந்தபோது அவர் மட்டும் வளரவில்லை. வயிறு உருண்டு, கையும் காலும் மெலிந்திருக்கின்றன. குரல் மெல்லியது, கீச்சென்று இருக்கிறது. முகத்தோல் இறுகி மூக்கு கூர்ந்து தெரிகிறது. கணுக்காலில் ஆறாத ஒரு புண். வாப்பாவும் உம்மாவும் மச்சான் மச்சாள் முறையில் கல்யாணம் செய்தவர்கள். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் யாருக்கும் வரக்கூடியவைதான். எல்லாம் ஓர் ஆளிடம் சேர்ந்து நிற்கும்போது அதற்கு ஒரு பெயர் உண்டு: வேர்னர் நோய். பிள்ளைப்பருவம் தாண்டிய பிறகு, இருபதுகளில், முதுமை முன்கூட்டியே வந்து சேரும் பரம்பரை நோய்.

இதை முதலில் எழுதியவர் ஒட்டோ வேர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர். 1904-இல் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பு, தோல் இறுகும் நோயோடு சேர்ந்து வரும் கண்புரை பற்றியது. ஒரே வயிற்றில் பிறந்த நான்கு பேரை அவர் விவரித்தார். நால்வருக்கும் இளவயதிலேயே நரை, கைகால் தோலில் இறுக்கம், இரண்டு கண்ணிலும் புரை. கண் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய ஒருவர், கண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல் தலைமுடியையும் பாதத்தையும் உடன்பிறந்தவர்களையும் பார்த்ததால் இந்த நோய் உலகுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு வேர்னர் ஆராய்ச்சியாளராகப் பெயர் எடுக்கவில்லை. வட கடலோரத்தில் எட்டெலாக் என்ற சிறிய ஊரில் சாதாரண வைத்தியராகவே வாழ்ந்து 1936-இல் இறந்தார். கடலோரச் சிற்றூரில் நோயாளி பார்த்த அந்த மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1868-இல், மியூனிக்கின் கண் வைத்தியர் ஓகஸ்ட் ரோத்மண்ட் அல்ப்ஸ் மலையின் வால்சர் பள்ளத்தாக்கில் சில குடும்பங்களைப் பார்த்து எழுதியிருந்தார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கே புரை விழுந்தது. கன்னத்துத் தோல் நிறம் மாறித் திட்டுத் திட்டாக இருந்தது. தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த, மலை சூழ்ந்த ஊர் அது. இந்த இரண்டு நோய்களையும் பல காலம் ஒன்றாகவே குழப்பி வந்தார்கள். 1934-இல் அமெரிக்காவில் ஒப்பன்ஹைமர், கூகல் என்ற இருவர் வேர்னரின் பெயரை இந்த நோய்க்குச் சூட்டினார்கள். 1945-இல் தான்ஹவுசர் என்பவர் ரோத்மண்டின் நோய் வேறு, வேர்னரின் நோய் வேறு என்று பிரித்துக் காட்டினார். பரம்பரை அலகுகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்து அலகுகளின் கோளாறு. பழைய வைத்தியர்களின் குழப்பத்துக்கும் காரணம் இருந்திருக்கிறது.

வேர்னர் நோய்க்குக் காரணமான அலகு 1996-இல் சியாட்டில் நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழுவால் இனங்காணப்பட்டது. எட்டாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதத்தின் வேலையைக் காத்தான்குடியில் விளக்குவது எனக்குச் சுலபம், ஏனென்றால் இது கைத்தறிச் சாரனுக்குப் பெயர்போன ஊர். தறியில் பாவு ஓடும்போது இழை முறுக்கிக்கொண்டால் நெசவாளர் என்ன செய்வார்? தறியை நிறுத்துவார், முறுக்கை விடுவிப்பார், அறுந்த இழையை முடிவார், பிறகுதான் நாடாவை ஓட்டுவார். நம் உடற்கலம் ஒவ்வொன்றும் பிரியும்போது அதனுள் இருக்கும் டிஎன்ஏ இழை அவிழ்ந்து நகலாக வேண்டும். முறுக்கு விழும் இடங்களில் அதை அவிழ்ப்பதும், பிசகிய நுனியைக் கத்தரிப்பதும், சேதத்தைச் சீர்செய்யத் துணை நிற்பதும் இந்தப் புரதத்தின் வேலை. நிறமூர்த்தங்களின் நுனிகளைக் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது இல்லாத கலங்கள் சில தடவைகள் பிரிந்ததும் களைத்து நின்றுவிடுகின்றன. தோலிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தால், மற்றவர்களின் கலங்களைவிட மிக விரைவில் பிரிவதை நிறுத்திக்கொள்கின்றன.

கண்ணின் வில்லைக்கு இது ஏன் இவ்வளவு கேடாக முடிகிறது? நம் தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. வில்லை எதையும் உதிர்ப்பதில்லை. அதன் விளிம்பில் உள்ள கலங்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்து புதிய நார்களை உண்டாக்கி, பழையவற்றின் மேல் அடுக்கிக்கொண்டே போகின்றன. தாயின் கருப்பையில் உருவான நார்கள் எண்பது வயதிலும் வில்லையின் நடுவில் இருக்கின்றன. விளிம்பில் பிழையாகப் பிறந்த கலம் வில்லையின் பின்புறம் நோக்கி நகர்ந்து, பார்வைக் கோட்டின் நடுவிலேயே தங்கிவிடக்கூடும். வெயிலில் கண்மணி சுருங்கும்போது ஒளி அந்த நடுப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். புடவைக் கடைக்காரருக்குப் பகலில் தெரியாமல் பின்னேரம் தெரிந்ததன் காரணம் அதுதான். வேர்னர் நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் புரை வருகிறது, சராசரியாக முப்பது வயதை ஒட்டி. நீரிழிவும் கால் புண்ணும் அதை அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்கின்றன.

இந்த வரிசைதான் இன்றைய என் பேச்சின் மையம். நரையைப் பார்த்து யாரும் வைத்தியசாலைக்குப் போவதில்லை, சாயம் பூசுவார்கள். குள்ளமாக இருப்பதற்காகப் போவதில்லை. குரலுக்காகப் போவதில்லை. கண் தெரியாவிட்டால்தான் போவார்கள். ஆகவே இந்த நோயாளிகள் பெரும்பாலும் முதன்முதலாகச் சந்திக்கும் விசேட வைத்தியர் கண் வைத்தியர். ஆனால் நோயின் பெயர் தெரியவருவது நாற்பதை ஒட்டி, வேறு ஏதோ சிக்கலில், வேறு யாரோ ஒரு வைத்தியரிடம். இடையில் கழிந்த அந்தப் பத்தாண்டில் சீனி வருத்தம் கண்காணிப்பின்றி ஏறியிருக்கும். இதயக் குழாய்கள் அடைபட்டிருக்கும். தைரொயிட் சுரப்பியிலோ, மூளை உறையிலோ, தசையிலோ, பாதத்துத் தோலிலோ ஒரு கட்டி வளர்ந்திருக்கும். இவர்கள் இறப்பதற்கான முதன்மைக் காரணங்கள் மாரடைப்பும் புற்றுநோயும். சராசரி வயது ஐம்பத்து நான்கு என்று பழைய கணக்குகள் சொல்கின்றன. நோயாளிகளை வருடாவருடம் கூப்பிட்டுப் பார்க்கும் ஜப்பானில் அது நீண்டுகொண்டு வருகிறது. முப்பது வயதில் கண்ணைப் பார்த்தவர் சொல்லியிருந்தால் இந்த வருடங்கள் வீணாகியிருக்காது. இதை நான் என் துறையினர் எல்லோருக்கும் மன்றாட்டமாகவே சொல்கிறேன்.

இளவயதில் புரை விழுந்த எல்லோருக்கும் வேர்னர் நோய் என்று யாரும் பதற வேண்டாம். அடிபட்ட கண்ணில் புரை வரும். சிறுவயது நீரிழிவில் வரும். ஆஸ்த்மாவுக்கும் தோல் வருத்தத்துக்கும் வருடக்கணக்கில் ஸ்டெரொயிட் எடுத்தவர்களுக்கு வரும். முகம் வெளுக்கவென்று கடைகளில் விற்கும் சில கிரீம்களில் ஸ்டெரொயிட் கலந்திருக்கிறது. அதை நம் இளம்பெண்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பூசுகிறார்கள் என்பதையும் இந்தச் சபையில் சொல்லி வைக்கிறேன். வேர்னர் நோய் மிக அரிது: அமெரிக்காவில் இரண்டு லட்சம் பேருக்கு ஒருவர் என்றும், ஜப்பானில் இருபதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். உலகில் பதிவான நோயாளிகளில் பெரும்பகுதி ஜப்பானியர். ஒரு காரணம் அங்கே பழைய காலத்து உறவுக் கல்யாணம். இன்னொன்று, அங்கே தேடுகிறார்கள், தேடினால் கிடைக்கும்.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருகிறேன். நோய் தெரியாமல் கத்தி வைப்பதால் வரும் ஆபத்து இதில் உண்மையானது. வேர்னர் நோயாளியின் காயம் சரியாக ஆறாது. வில்லையை முழுதாக வெளியே எடுக்கப் பெரிய வெட்டுப் போட்ட காலத்தில், இந்நோயாளிகளின் கண்ணில் தையல் பிரிவதும், விழிவெண்படலம் தளர்ந்து நீர்கோத்து மங்கிப்போவதும் அடிக்கடி நேர்ந்தன. 1987-இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஓர் அறிக்கை இதை வைத்தியர்களுக்கு எச்சரிக்கையாகவே எழுதியது. விழிவெண்படலத்தின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகச் சில கலங்கள் இருக்கின்றன. படலத்திலிருந்து நீரை ஓயாமல் வெளியே இறைத்து அதைத் தெளிவாக வைத்திருப்பவை அவை. வளர்ந்தவர்களில் சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 2,500 இருக்கும். மனிதரில் அவை மறுபடி பெருகுவதில்லை, இழந்தது இழந்ததுதான். சத்திரசிகிச்சை எவருக்கும் அவற்றில் சிலவற்றை அழிக்கும். ஏற்கெனவே முதிர்ந்துபோன கண்ணில் அந்த இழப்பைத் தாங்க இடமில்லை. ஆகவே முன்கூட்டியே அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கான கருவி இருக்கிறது.

நல்லவேளையாக வெட்டு இன்று சிறுத்துவிட்டது. ஒலி அலையால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் முறையில் சில மில்லிமீற்றர் துளை போதும். தையல் இல்லாத சிறு வெட்டு முறையை மலிவாகவும் பெருந்தொகையாகவும் செய்து காட்டியது நமக்குப் பக்கத்திலிருக்கும் மதுரை. வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையும், 1992-இல் அது உருவாக்கிய ஓரோலாப் வில்லைத் தொழிற்சாலையும் தெற்காசியாவில் ஏழைக்கு எட்டாத பொருளை எட்ட வைத்தன. சிறு துளை முறைகளில் வேர்னர் நோயாளிகளுக்கும் நல்ல பார்வை கிடைத்திருக்கிறது. ஆனாலும் சிகிச்சைக்குப் பின் வழக்கமாக எழுதும் ஸ்டெரொயிட் சொட்டு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. காயம் ஆறுவதை அது இன்னும் தாமதப்படுத்தும். இரண்டு கண்ணையும் அடுத்தடுத்து அவசரமாகச் செய்யவும் கூடாது. முதல் கண் ஆறியதைப் பார்த்த பிறகே மற்றது. விழித்திரையின் நடுப்பகுதியில் பின்னாளில் நீர் கோப்பதும் இவர்களிடம் காணப்பட்டிருப்பதால் வழமையைவிட அதிக காலம் கண்காணிக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு நம் ஊரில் எல்லோரும் கேட்பது மூன்று கேள்விகள்: வுழூச் செய்யலாமா, ஸுஜூது செய்யலாமா, நோன்பில் மருந்து விடலாமா. மற்றவர்களுக்கு நாங்கள் சொல்லும் நாள்கணக்கு வேர்னர் நோயாளிக்குப் போதாது. காயம் மூடியதை வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை குழாய்த் தண்ணீர் கண்ணில் படவே கூடாது. நெற்றியைத் தரையில் வைத்துக் கண்ணுக்குள் அழுத்தம் ஏற்றவும் கூடாது. மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. நோயாளி கதிரையில் அமர்ந்து, சைகையால் தொழலாம். தண்ணீர் கூடாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் கண்ணில் மருந்து இடுவது நோன்பை முறிக்காது. உலமாக்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வைத்தியர் சொல்வதைவிட நீங்கள் ஜும்ஆவில் சொன்னால் எங்கள் உம்மாமார் கேட்பார்கள்.

தொழுகையைப் பற்றிச் சொல்லும்போது காலையும் சொல்ல வேண்டும். இந்நோயில் குதிக்காலின் பின்புறத் தசைநாணில் சுண்ணாம்பு படிகிறது; ஜப்பானியர் நோயை இனங்காண வகுத்த அடையாளங்களில், கதிர்ப்படத்தில் தெரியும் இந்தப் படிவும் ஒன்று. கணுக்காலைச் சுற்றித் தோலுக்கு அடியில் கொழுப்பு இராது. அத்தகைய காலை மடித்து இருப்பில் நெடுநேரம் அமர்வது எலும்பு மேட்டில் புண்ணை உண்டாக்கும், அது வருடக்கணக்கில் ஆறாது. கண்ணுக்கு வந்தவரின் காற்சட்டை நுனியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

புரையை எடுத்துவிட்டால் கண்ணின் கதை முடிவதில்லை. இந்நோயில் வரும் நீரிழிவு, மெலிந்த ஆளிடமும் இன்சுலினுக்கு உடல் பணியாமல் வருவது. அது விழித்திரையின் நுண்குழாய்களைக் கசியவைக்கும். செயற்கை வில்லையால் தெளிவாகப் பார்க்கும் ஒருவர், “கண் சரியாப் போச்சு” என்று கிளினிக்கை விட்டுவிடும் அந்த வருடங்களில்தான் விழித்திரை கெடத் தொடங்குகிறது.

பிள்ளைகளிடம் வரும் முன்முதுமையைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 2009-இல் வந்த பால்கியின் ‘பா’ படத்தில் அமிதாப் பச்சன் மொட்டைத் தலையோடு சிறுவனாக நடித்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இளையராஜாவின் இசைக்காகவே பார்த்தவர்களும் இருப்பீர்கள். அந்த நோய் புரோஜீரியா. 1886-இல் அதை முதலில் எழுதிய ஜொனதன் ஹட்சின்சன் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலையிலும் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் என்பது எனக்கு வியப்பான ஒற்றுமை. 1897-இல் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்ட் அதே நோயை விவரித்தார். 2003-இல் அலகு தெரிந்தது. 2020 நவம்பரில் லோனாஃபார்னிப் என்ற முதல் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை; கருவில் புதிதாக ஏற்படும் மாற்றம். கண்ணைப் பொறுத்தவரை இந்தப் பிள்ளைகளுக்குப் புரை வழமையில்லை. முகத்தோல் இறுகிக் கொழுப்புக் கரைவதால், தூங்கும்போது இமை முழுதாக மூடாது. இரவு முழுவதும் காற்றில் காய்ந்து விழிவெண்படலம் புண்ணாகி, தழும்பு விழுந்து பார்வை போகும். தடுப்பது மிக எளிது: படுக்கும்போது கண்ணுக்குக் களிம்பு, பகலில் கண்ணீர்ச் சொட்டு, தேவையானால் இமையை மெதுவாக ஒட்டி வைப்பது. தூரப்பார்வைக் கோளாறும் வழக்கம் என்பதால் மூக்குக்கண்ணாடியும் வேண்டும்.

மூன்றாவது நோயைப் பற்றி இரண்டு விடயங்கள் மட்டும். 1936-இல் லண்டன் வைத்தியர் எட்வர்ட் கொக்கெய்ன் விவரித்த நோயில் வளர்ச்சி குன்றும், காது கேளாது, வெயில் பட்டால் தோல் சிவந்து பொரியும், கண்கள் குழி விழுந்திருக்கும், கண்ணீர் சுரப்பது குறைந்துவிடும். விழித்திரையில் உப்பும் மிளகும் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். மூன்று வயதுக்குள் புரையும் விழுந்தால் நோய் கடுமையானது என்று பொருள். இரண்டாவது விடயத்தை இங்குள்ள பாமசிக்காரர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்துக்கு என்று மெட்ரனிடசோல் கொடுத்தால் ஈரல் செயலிழந்து இறந்துவிடலாம். இறந்திருக்கிறார்கள்.

இனி எல்லோரும் கேட்கத் தயங்கும் இடம். வேர்னர் நோயும் கொக்கெய்ன் நோயும் வாப்பா, உம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான அலகு வந்தால் மட்டுமே வருபவை. ஒன்று மட்டும் உள்ளவருக்கு நோய் வருவதில்லை, அவர் காவி. காவிகள் இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றி வந்தவர்கள். பிள்ளை உம்மாவின் குடி; ஒரே குடிக்குள் கல்யாணம் செய்யாத வழமை. ஆனால் மாமி மகளும் மாமா மகளும் வேறு குடி ஆகையால் கட்டக்கூடிய முறை. சமூகத்தின் கண்ணில் இவர்கள் அந்நியக் குடி. பரம்பரை அலகு குடியைப் பார்ப்பதில்லை. தாயின் தங்கை மகளோடு எவ்வளவு அலகு பொதுவோ, அவ்வளவே மாமா மகளோடும் பொது: எட்டில் ஒரு பங்கு.

நான் உறவுக் கல்யாணத்தைப் பழிக்க வரவில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் வீட்டுச் சுவரோடு வீட்டுச்சுவர் ஒட்டி வாழும் இந்த ஊரில், பெற்றோர் வீடு கட்டி மகளை வைத்துப் பார்க்கும் வழமையில், தெரிந்த மருமகனைத் தேடுவது பிள்ளை மீதுள்ள பாசம். பெரும்பாலான மச்சான் மச்சாள் தம்பதிகளின் பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். நான் கேட்பது, ஒரு குடும்பத்தில் நோய் உறுதியான பிறகு கணக்கைப் பாருங்கள் என்பதையே.

நோயாளிக்குச் சுகதேகியான ஒரு தங்கை இருக்கிறாள். அவள் காவியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அவளுக்குச் சொந்தத்தில் மாமா மகனைப் பேசுகிறார்கள். அவன் காவியாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இருவரும் காவியானால் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. பெருக்கினால் இருபத்து நான்கில் ஒன்று. வாப்பாவும் உம்மாவும் ஏற்கெனவே உறவாக இருந்தால் அது இன்னும் கூடும். அதே தங்கையை உறவில்லாத குடும்பத்தில் கொடுத்தால், அமெரிக்க மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த வீட்டுப் பெண்ணை எடுக்கவே கூடாது என்று ஒதுங்கும் அயலவருக்கும், வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து அவசரமாகச் சொந்தத்துக்குள்ளேயே முடித்துவிடும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு ஒரே பதிலைத் தருகிறது. மறைப்பதற்காகச் செய்யும் கல்யாணமே ஆபத்தான கல்யாணம். வெளியே கொடுப்பவர் பயப்பட ஏறத்தாழ எதுவுமில்லை. நோயாளிக்குப் பிறக்கும் பிள்ளைகளும், துணை காவியாக இல்லாதவரை, காவிகள் மட்டுமே.

நம் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2013-இல் சியாட்டில் குழுவினரும் இந்திய வைத்தியர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் ஒரே வகை மாற்றம் மறுபடி மறுபடி தென்படுவதைக் காட்டியது. எப்போதோ வாழ்ந்த ஒரு முன்னோரிடமிருந்து அது பல கிளைகளில் இறங்கியிருக்க வேண்டும். தெற்காசியாவில் இந்த நோய் இருக்கிறது. பெயர் தெரியாமல் இருக்கிறது.

பரிசோதனைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு 1983 முதல் இயங்குகிறது. அங்கே ஆலோசனையும் பெறலாம், இரத்த மாதிரியை எங்கே எப்படிச் சோதிப்பது என்ற வழிகாட்டலும் பெறலாம். விழிவெண்படலம் கெட்டுப்போனால் மாற்றிப் பொருத்த, ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண்தான சங்கம் இந்த நாட்டில் இருக்கிறது. உலகுக்கே கண் கொடுத்த நாடு இது.

இந்தச் சபையைக் கூட்டிய அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நாற்பது வயதுக்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அடிபட்டதோ ஸ்டெரொயிட்டோ காரணமாக இல்லாத ஒவ்வொருவரின் விவரத்தையும் குறிக்க ஒரு பதிவேட்டைக் காத்தான்குடி ஆதார வைத்தியசாலைக்கும் மட்டக்களப்பு கண் கிளினிக்குக்கும் அச்சிட்டுக் கொடுங்கள். உயரம், நரை தொடங்கிய வயது, குரல், கணுக்கால், சீனி, பெற்றோரின் உறவு ஆகிய ஆறு கட்டங்கள் அதில் போதும், தாதியரே நிரப்பிவிடலாம். பெயர் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும். அடுத்தது, அந்தப் பதிவேட்டில் ஐயத்துக்குரியவராகத் தெரிபவரும் அவரது உடன்பிறந்தோரும் கொழும்புக்குப் போய்வரும் பஸ் செலவையும் பரிசோதனைச் செலவையும் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளட்டும். உடன்பிறந்தோரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்; வேர்னர் 1904-இல் பார்த்த வீட்டில் நால்வர் இருந்தார்கள்.